அடி ஒரு மரம், தலை ஒரு மரம்: வீட்டுக் கொல்லையில் வெண்ணெய்ப்பழ ஒட்டு

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு வெண்ணெய்ப்பழ மரம் நிற்கிறது. இடுப்பு உயரம் வரைக்கும் அது ஒரு மரம், அதற்கு மேலே வேறு மரம். திட்டம் போட்டு இப்படி ஆக்கவில்லை. ஒரு கன்றைச் சாகக் கொடுத்து, இன்னொன்றில் ஆறு வருடத்தைத் தொலைத்து, கடைசியில் கிடைத்தது இது.

நம் உழவர் கூட்டங்களுக்குப் போனால் இப்போதெல்லாம் யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார்: "அண்ணே, பட்டர் ஃப்ரூட் போடலாமா? ஒட்டுக்கன்று எங்க கிடைக்கும்?" கடையில் பழம் விற்கிற விலையைப் பார்த்து, ஏக்கர் கணக்கில் வைக்கலாம் என்று முன்பணம் கொடுத்தவர்களையும் பார்த்துவிட்டேன். அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். முதலில் வீட்டுக் கொல்லையில் ஒன்றோ இரண்டோ வையுங்கள். உங்கள் மண், உங்கள் தண்ணீர், உங்கள் வெயில் இந்த மரத்துக்கு ஒத்துவருமா என்பதை அந்த ஒரு மரம் சொல்லிவிடும். நான் பட்டது நீங்கள் படவேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அம்மா கேட்ட மரம்

எங்கள் ஊர் பட்டிவீரன்பட்டிப் பக்கம், கீழ்ப்பழனி மலையின் அடிவாரம். மேலே ஏறினால் தடியன்குடிசை, தாண்டிக்குடி, பண்ணைக்காடு என்று காப்பித் தோட்டங்கள். காப்பிக்கு நிழல் தருகிற மரங்களோடு வெண்ணெய்ப்பழ மரமும் அங்கே நிற்கும். என் அம்மா கல்யாணத்துக்கு முன்னால் அந்தத் தோட்டங்களில் காப்பிப்பழம் பறிக்கப் போனவர். மரத்தடியில் விழுந்து கிடக்கிற வெண்ணெய்ப்பழத்தை எடுத்து, கருப்பட்டியைத் தட்டிப் போட்டுப் பிசைந்து சாப்பிட்டதை இன்றைக்கும் சொல்வார். "நம்ம வீட்டுல எல்லா மரமும் இருக்கு, அது ஒண்ணுதான்டா இல்ல" என்பார்.

2013 ஆவணியில், அறுநூறு ரூபாய் கொடுத்து ஓர் ஒட்டுக்கன்று வாங்கி வந்தேன்.

முதல் கன்று தண்ணீரில் செத்தது

மா, தென்னைக்குப் பழகிய கை. அதே மாதிரி மூன்றடிக்கு மூன்றடி குழி எடுத்தேன். இரண்டு கூடை தொழுவுரம், வேப்பம்பிண்ணாக்கு, மேல்மண் எல்லாம் போட்டு நட்டு, சுற்றிலும் அழகாக வட்டப் பாத்தி கட்டினேன். எங்கள் கொல்லை களி கலந்த செம்மண். குழிக்குள்ளே மண் பொலபொலப்பு, குழியின் சுவர் மட்டும் இறுக்கம். அதாவது நான் வெட்டியது குழி இல்லை, தண்ணீர்த் தொட்டி. அது அப்போது புரியவில்லை.

ஐப்பசி மழை பிடித்தது. கார்த்திகையில் இலை தொங்கியது. "செடி வாடுது, தண்ணி காணல போல" என்று அம்மா ஒரு குடம், நான் ஒரு குடம் ஊற்றினோம். இலை மேலும் தொங்கியது. மேலும் ஊற்றினோம். மார்கழி பிறக்கும்போது குச்சிதான் நின்றது. பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்து, விரலால் உருவினால் தோல் கழன்று வந்தது.

இதற்குக் காரணம் வேரழுகல். பைட்டோப்தோரா சின்னமோமி என்கிற நுண்ணுயிர் இதைச் செய்கிறது. பார்க்கப் பூஞ்சணம் மாதிரி இருக்கும், ஆனால் தண்ணீரில் வாழ்கிற வகை. அதன் வித்துகள் மண்ணில் தேங்கிய நீரில் நீந்திப் போய் வேர் நுனியில் ஒட்டிக்கொள்ளும். வெண்ணெய்ப்பழ மரத்துக்கு உணவு எடுக்கிற வேர்கள் பெரும்பாலும் மேல் ஓரடி மண்ணுக்குள்ளேயே படர்கின்றன. மற்ற மரங்களுக்கு இருக்கிற மாதிரி வேர்த்தூவிகள் இதற்கு இல்லை என்றே சொல்லலாம். அதனால் மூச்சு விட ஈரக்காற்று உள்ள பொலபொலப்பான மண் வேண்டும். தண்ணீர் இரண்டு மூன்று நாள் நின்றாலே வேர் திணறும். திணறுகிற வேரை இந்த நோய் சுலபமாகப் பிடிக்கும்.

இதில் நம்மை ஏமாற்றுவது ஒன்று உண்டு. வேர் அழுகினால் செடியால் தண்ணீர் உறிஞ்ச முடியாது. அதனால் இலை, தாகத்தில் வாடுகிற மாதிரியே வாடும். நாம் பரிதாபப்பட்டு ஊற்றுவோம். ஊற்ற ஊற்றச் சாவு சீக்கிரம் வரும். எனவே இலை தொங்கினால் குடத்தைத் தூக்காதீர்கள். ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் செடி தாகத்தில் இல்லை, மூச்சுத் திணறலில் இருக்கிறது.

இரண்டாவது கன்று வேறு மரமாகிப் போனது

மறு வருடம், 2014 ஆவணியில், குழியை விட்டுவிட்டு மேடு போட்டு நட்டேன். கன்று பிழைத்தது. அடுத்த சித்திரை வெயிலில் நுனி கருகிக் காய்ந்தது. மனசு ஒடிந்து போனேன். பத்து நாளில் கீழே தண்டிலிருந்து கொழுகொழு என்று ஒரு துளிர் வந்தது. "பொழச்சிருச்சு" என்று வீடே கொண்டாடியது. அந்தத் துளிர் ஒரே வருடத்தில் ஆள் உயரம் வந்தது.

ஆறு வருடம் கழித்து, 2020 ஆடியில், முதல் காய் பறித்தோம். நீளமான கழுத்து, உள்ளே பெரிய கொட்டை, சதை கொஞ்சம், அதுவும் நீர்ச்சதை. அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, "இது சுரைக்காய்டா" என்றார்.

மலையில் ஒட்டுக் கட்டுகிற பெரியவர் ஒருவரைக் கூட்டி வந்து காட்டினேன். அவர் பழத்தைப் பார்க்கவில்லை, நேராக அடிமரத்தில் குனிந்தார். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், பட்டைக்குள் பாதி மூடிய ஒரு காய்ந்த முளையைத் தொட்டுக் காட்டினார். "தம்பி, உங்க ஒட்டு இங்கயே செத்துப்போச்சு. நீங்க ஆறு வருசமா வளத்தது அடியில இருந்த விதைச்செடிய."

அன்றைக்குத்தான் ஒட்டு என்றால் என்ன என்பதே எனக்குச் சரியாக உறைத்தது.

ஒட்டு எதற்கு?

வெண்ணெய்ப்பழக் கொட்டையை முளைக்கப் போட்டால் நன்றாகவே முளைக்கும். ஆனால் நாட்டு மாங்கொட்டை போலத்தான். தாய் எப்படியோ, பிள்ளை அப்படி இருக்காது. பழம் நன்றாகவும் வரலாம், என் மரம் மாதிரி சுரைக்காயாகவும் வரலாம். அதைத் தெரிந்துகொள்ள ஆறேழு வருடம், சில மரத்துக்கு அதற்கு மேலும் காத்திருக்க வேண்டும். ஒட்டுக்கன்று என்பது அடியில் ஒரு விதைச்செடி, அதன் தலையில் நல்ல பழம் கொடுத்த மரத்தின் குச்சி. அடியில் உள்ளதை வேர்ச்செடி என்போம், மேலே உள்ளதைத் தாய்க்குச்சி என்போம். தாய்க்குச்சி ஏற்கெனவே காய்த்த மரத்தின் உறுப்பு. அதனால் மூன்று நான்கு வருடத்தில் காய்க்கும். தாயின் பழத்தையே கொடுக்கும்.

உலகச் சந்தையில் மிகுதியாக விற்கிற ஹாஸ் ரகத்தின் கதை இதற்கு நல்ல சாட்சி. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ருடால்ஃப் ஹாஸ் என்று ஒரு தபால்காரர். 1920களில் கொட்டை வாங்கி முளைக்கப் போட்டு, அதில் அன்றைக்குப் பேர்போன ஃபுவெர்ட்டே ரகத்தை ஒட்டுக் கட்டப் பார்த்தார். ஒரு செடியில் மட்டும் ஒட்டுப் பிடிக்கவே இல்லை. வெட்ட நினைத்தவர் அப்படியே விட்டுவிட்டார். அந்த விதைச்செடி காய்த்த பழம்தான் ஹாஸ். 1935இல் காப்புரிமை வாங்கினார். இன்றைக்கு உலகம் முழுக்க நிற்கிற ஹாஸ் மரங்கள் எல்லாமே அந்த ஒற்றை மரத்தின் குச்சியிலிருந்து, ஒட்டு மேல் ஒட்டாக வந்தவை. அந்தத் தாய்மரம் என்ன ஆனது தெரியுமா? வேரழுகல் நோய் வந்து, 2002இல் வெட்டப்பட்டது. என் முதல் கன்றைக் கொன்ற அதே நோய்.

அவருக்கு ஒட்டுப் பிடிக்காத விதைச்செடி தங்கமாக வாய்த்தது. எனக்குச் சுரைக்காய் வாய்த்தது. விதை என்றால் அப்படித்தான்.

கன்று வாங்கும்போது

நாற்றுப்பண்ணையில் நின்று அவசரப்படாமல் இவற்றைப் பாருங்கள்.

ஒட்டு இணைந்த இடம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஆங்கில 'வி' எழுத்துப் போல் ஒரு தழும்பு இருக்கும். அதற்குக் கீழும் மேலும் பட்டையின் நிறம் கொஞ்சம் மாறும். தழும்பே இல்லாத கன்றை ஒட்டு என்று சொன்னால் நம்பாதீர்கள்.

இலை இருப்பது தழும்புக்கு மேலேயா கீழேயா என்று பாருங்கள். கீழிருந்து வந்த துளிரை வளர்த்து, மேலே காய்ந்த குச்சியோடு விற்பதும் நடக்கிறது.

ஒட்டுப்போட்ட பிறகு குறைந்தது ஒரு முறையாவது துளிர்த்து, அந்த இலை முற்றியிருக்க வேண்டும். நேற்றுத் துளிர்த்த கன்று பேருந்தில் வரும்போதே வாடிவிடும்.

பையின் அடி ஓட்டைகளைப் பாருங்கள். வேர் நுனி வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ இருந்தால் நல்லது. கறுத்திருந்தால் எவ்வளவு பச்சையாக இலை இருந்தாலும் வேண்டாம். அந்த நோய் உங்கள் மண்ணுக்கும் வந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, "தாய்மரம் எங்கே நிற்கிறது? நான் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். இதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவரிடம் வாங்குங்கள்.

எந்த ரகம், எந்த ஊருக்கு?

வெண்ணெய்ப்பழத்தின் தாயகம் மெக்சிகோவும் நடு அமெரிக்காவும். அதில் மூன்று இனம் சொல்வார்கள். மெக்சிகோ இனம் குளிர் தாங்கும்; இலையைக் கசக்கினால் சோம்பு வாசம் வரும். குவாத்தமாலா இனம் மிதமான மலைக்குளிருக்கு ஏற்றது. பழத்தின் தோல் தடிப்பு. மேற்கிந்தியத் தீவு இனம் வெப்பத்தையும் காற்றின் ஈரத்தையும் தாங்கும். தண்ணீரில் உப்பு இருந்தாலும் மற்ற இரண்டையும்விடக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். ஹாஸ் என்பது குவாத்தமாலாவும் மெக்சிகோவும் கலந்த ரத்தம். கொடைக்கானல் மலைச்சரிவில் வைத்தால் சரி. சித்திரையில் நாற்பது டிகிரி கொளுத்துகிற ஊரில், பேரைக் கேட்டு மயங்கி அதை வைக்காதீர்கள். அந்த வெயிலில் பூவும் பிஞ்சும் உதிரும்.

நம் மலைக்கென்றே தேர்ந்தெடுத்த ரகமும் இருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தடியன்குடிசை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டிகேடி 1 அது. குடகில் செட்டள்ளி ஆராய்ச்சி நிலையத்திலிருந்து அர்க்கா சுப்ரீம், அர்க்கா கூர்க் ரவி ஆகிய ரகங்கள் வந்துள்ளன. ஆனால் சமவெளிக்காரர்களுக்கு என் யோசனை வேறு. உங்கள் ஊருக்குப் பக்கத்தில், உங்கள் வெயிலிலேயே நின்று பத்து வருடமாகக் காய்க்கிற மரம் ஒன்று எங்காவது இருக்கும். பள்ளிக்கூடத்தில், பழைய பங்களாவில், யாரோ ஒருவர் கிணற்றோரத்தில். அதைத் தேடுங்கள். அதன் பழம் உங்களுக்குப் பிடித்தால் அதுதான் உங்கள் ரகம்.

தண்ணீரையும் சோதித்துக்கொள்ளுங்கள். வெண்ணெய்ப்பழம் உப்புக்கு ரொம்பப் பயந்த மரம். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் பாய்ந்தால் இலை நுனி கருகி, ஓரமெல்லாம் தீய்ந்து போகும். சுண்ணாம்பு மண்ணாக இருந்தால் துளிர் மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். உங்கள் தண்ணீரில் கொய்யாவே திணறுகிறது என்றால் இந்த மரத்துக்குக் காசு போடாதீர்கள்.

நடவு: குழி வேண்டாம், மேடு போடுங்கள்

நான் இரண்டாவது கன்றுக்குச் செய்ததும், இப்போது பக்கத்து வீடுகளில் செய்து கொடுப்பதும் இதுதான்.

இடத்தைக் கடப்பாரையால் நெகிழ்த்திவிட்டு, மேல்மண்ணையே கூட்டி இரண்டடி உயரம், ஐந்தாறு அடி அகலத்துக்கு மேடு போடுங்கள். களிமண்ணாக இருந்தால் மணலும் மக்கிய இலைக்குப்பையும் கலந்துகொள்ளலாம். வேருக்கு அடியில் பச்சைச் சாணத்தையோ பாதி மக்கிய உரத்தையோ கொட்டாதீர்கள். அது மக்கி இறங்கும்போது செடியும் கூடவே இறங்கும், ஒட்டுப் பகுதி மண்ணுக்குள் போய்விடும். உரம் எல்லாம் மேலே போட்டால் போதும். காட்டில் அப்படித்தானே நடக்கிறது.

பையைக் கிழிக்கும்போது மண் உடையக் கூடாது. இதன் வேர் ரொம்ப நொய்மை. பையின் அடியை முதலில் அறுத்து, மேட்டில் உட்கார வைத்து, பிறகு பக்கவாட்டில் கிழித்து உருவுங்கள். ஒட்டுத் தழும்பு மண்ணுக்கு மேலே ஒரு சாணாவது நிற்கட்டும். நட்டதும் காலால் மிதிக்காதீர்கள். தண்ணீர் ஊற்றினால் மண் தானாக அணைந்துகொள்ளும். ஒட்டு நாடா இன்னும் இருந்தால் பார்த்து அவிழ்த்துவிடுங்கள். மறந்தால் கழுத்தை இறுக்கிவிடும். ஒரு கம்பை நட்டுத் தளர்வாகக் கட்டுங்கள். கிளை எளிதில் முறிகிற மரம் இது.

முதல் இரண்டு கோடைக்கு நிழல் கட்டாயம். மேற்கு வெயில் படாமல் தென்னங்கீற்றால் மறைப்புக் கட்டினால் போதும். பச்சைப்பட்டை வெயிலில் வெந்து வெடிக்கும். அதற்குச் சுண்ணாம்பை நீர்க்கக் கரைத்துத் தண்டில் பூசுங்கள். எங்கள் இரண்டாவது கன்றின் ஒட்டு செத்ததும் இந்த மறைப்பைக் கட்டாததால்தான்.

பிறகு மூடாக்கு. நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகப் போய்ச் சொன்ன மூடாக்கு எல்லா மரத்துக்கும் நல்லது. இந்த மரத்துக்கோ அதுதான் உயிர். காய்ந்த இலை, சோளத்தட்டை, ஒடித்த சுள்ளி என்று கரடுமுரடானதாகப் பார்த்து அரை அடி கனத்துக்குப் போடுங்கள். தண்டைச் சுற்றி ஒரு சாண் மட்டும் விட்டுவிடுங்கள், இல்லையென்றால் தண்டு அழுகும். ஆறு மாதம் கழித்து மூடாக்கைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள். வெள்ளை வேர் மண்ணை விட்டு மேலேறி அந்த மக்குக்குள்ளேயே படர்ந்திருக்கும். அதனால் மரத்தடியில் களைவெட்டு எடுத்துக் கொத்தவே கூடாது. களை வந்தால் கையால் ஒடித்து அங்கேயே போடுங்கள்.

இது வெறும் நம்பிக்கை இல்லை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் டம்போரின் மலை என்று ஓர் இடம். அங்கே ஒரு வெண்ணெய்ப்பழத் தோட்டத்தின் மண்ணில் வேரழுகல் கிருமி இருந்தது, மரங்கள் மட்டும் நலமாக நின்றன. தோட்டக்காரர் பல வருடமாக மூடுபயிரை வளர்த்து மடக்கி, கோழி எருவும் போட்டு வந்தவர். இதை ஆராய்ந்து 1974இல் பிராட்பென்ட், பேக்கர் என்ற இருவர் கட்டுரை எழுதினார்கள். மக்கு நிறைந்த மண்ணில் மற்ற நுண்ணுயிர்கள் பெருகி, அந்தக் கிருமியைத் தலைதூக்க விடாமல் வைத்திருக்கின்றன. மருந்து ஊற்றிக் கொல்லாமல், மண்ணை உயிரோடு வைத்தே கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். நாம் பேசுவதும் அதைத்தானே.

நான் வருடத்துக்கு இரண்டு முறை, மழைக்கு முன்னும் பின்னும், நன்றாக மக்கிய தொழுவுரத்தோடு டிரைகோடெர்மா விரிடி கலந்து மூடாக்கின் மேல் தூவுகிறேன். மாதம் ஒரு முறை ஒன்றுக்குப் பத்து தண்ணீர் சேர்த்த ஜீவாமிர்தம். அடைமழை மாதங்களில் அதுவும் கிடையாது. தண்ணீர் கோடையில் இரண்டு மூன்று நாளைக்கு ஒரு முறை, அதுவும் விரல் வைத்துப் பார்த்த பிறகுதான்.

தலையை மாற்றிய கதை

சுரைக்காய் மரத்தை என்ன செய்வது? வெட்டிவிடலாம் என்றுதான் இருந்தேன். மலைக்காரப் பெரியவர் தடுத்தார். "வேரு நல்லா ஓடியிருக்கு தம்பி. ஒங்க மண்ணுல ஆறு வருசம் தாக்குப்புடிச்ச வேரு. அத ஏன் வெட்டுறீங்க? தலைய மட்டும் மாத்துங்க."

நல்ல குச்சிக்கு அம்மா சொன்ன தோட்டத்துக்கே போனோம். அம்மா காலத்தில் அங்கே வெண்ணெய்ப்பழ மரங்கள் நிறைய இருந்தனவாம். 2018 கஜா புயலில் பழைய மரங்கள் சாய்ந்து, ஒன்றுதான் மிச்சம். அம்மா சாப்பிட்டது அந்த மரத்துப் பழம்தானா என்று அம்மாவுக்கே சொல்லத் தெரியவில்லை. பழத்தை ருசி பார்த்துவிட்டுத் தலையாட்டினார், அவ்வளவுதான். அந்த ஒரு மரமும் அடுத்த காற்றில் போனால், அதன் கொட்டையை எத்தனை முளைக்கப் போட்டாலும் அந்தப் பழம் திரும்பி வராது.

2021 ஆனியில் எங்கள் மரத்தை இடுப்பு உயரத்தில் அறுத்தோம். எல்லாக் கிளையையும் எடுக்காமல், வேருக்குச் சோறு போட ஒரு கிளையை மட்டும் விட்டோம். வெட்டுவாயிலும் தண்டிலும் சுண்ணாம்பு பூசினோம்.

அன்றைக்கு எதிர்வீட்டு அக்கா, "ஏப்பா, அந்தத் தழையக் குடுத்தா ஆட்டுக்குப் போடுவேன்ல" என்று வந்தார். பெரியவர் பதறிப்போய்த் தடுத்தார். இதை எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள். வெண்ணெய்ப்பழ இலையில் பெர்சின் என்ற நஞ்சு இருக்கிறது. ஆடு, மாடு, குதிரை, முயல், கூண்டுப் பறவைகளுக்கு ஆகாது. கறவைக்கு மடி வீங்கிப் பால் நிற்கும், அதிகம் தின்றால் உயிருக்கே ஆபத்து. கழித்த தழையை மூடாக்குக்குப் போடும்போதும் ஆடு எட்டாத இடமாகப் பாருங்கள்.

இரண்டு மாதத்தில் வெட்டிய இடத்துக்குக் கீழே நிறையத் துளிர் வந்தது. நன்றாக இடம்விட்டு நிற்கிற ஆறை மட்டும் விட்டு, மற்றதை ஒடித்தோம். அவை பென்சில் கனம் வந்ததும் ஆவணியில் ஒட்டுக் கட்டினோம். முறை இதுதான்:

தாய்மரத்தில் பென்சில் கனத்தில், முற்றிய, நுனிமொட்டு புடைத்து இன்னும் விரியாத குச்சியைத் தேர்ந்தெடுங்கள். பத்து நாளைக்கு முன்பே மரத்தில் இருக்கும்போதே அதன் இலைகளை, காம்பை மட்டும் விட்டு நறுக்கிவிடுங்கள். வெட்டுகிற அன்றைக்குக் காம்புகள் தொட்டால் உதிரும். அதுதான் பக்குவம். ஈரத்துணியில் சுற்றி, வாழைமட்டைக்குள் வைத்து அன்றைக்கே கொண்டு வாருங்கள்.

வேர்மரத்தின் துளிரை மட்டமாக நறுக்கி, நடுவில் ஒன்றரை அங்குலம் பிளந்துகொள்ளுங்கள். தாய்க்குச்சியின் அடியை இரண்டு பக்கமும் ஒரே இழுப்பில் ஆப்பு மாதிரி சீவுங்கள். கத்தி சவரக்கத்தி போல இருக்க வேண்டும், வெட்டுவாயில் விரல் படக் கூடாது. ஆப்பைப் பிளவில் இறக்கும்போது, ஒரு பக்கமாவது பட்டையும் பட்டையும் நேருக்கு நேர் சேர வேண்டும். உயிர் ஓடுகிற பச்சை அடுக்கு பட்டைக்கு அடியில்தான் இருக்கிறது. பாலித்தீன் நாடாவால் கீழிருந்து மேலாக இறுக்கிச் சுற்றி, குச்சி ஐஸ் அடைக்கிற நீளப் பையை மேலே கவிழ்த்துக் கட்டுங்கள். ஓலையால் நிழல் கொடுங்கள். மூன்று நான்கு வாரத்தில் பைக்குள் பச்சை தெரியும். அவசரப்படாமல், துளிர் பையை முட்டும்போது மாலை நேரத்தில் பையை அவிழ்க்கலாம். ஒட்டுக்குக் கீழே வருகிற துளிரை வாரம் ஒரு முறை தடவிப் பார்த்து ஒடித்துக்கொண்டே இருக்க வேண்டும். என்னுடைய ஆறு வருடம் போனது அதைச் செய்யாததால்தான்.

ஆறு ஒட்டில் நாலு பிடித்தது. அவை நன்றாகத் தழைத்த பிறகு, சோறு போட்ட கிளையையும் எடுத்துவிட்டோம்.

பூவும் காயும்

வெண்ணெய்ப்பூ விசித்திரமான பூ. ஒரே பூ முதல்முறை பெண்ணாகத் திறந்து மூடும். மறுநாள் ஆணாகத் திறக்கும். ஹாஸ் போன்ற 'ஏ' வகை மரங்களில் முதல் நாள் காலையில் பெண், மறுநாள் பிற்பகலில் ஆண். ஃபுவெர்ட்டே போன்ற 'பி' வகையில் பிற்பகலில் பெண், மறுநாள் காலையில் ஆண். இரண்டு வகையும் பக்கத்தில் இருந்தால் ஒன்றின் மகரந்தம் மற்றதற்கு நேரத்தில் கிடைக்கும். தனி மரமும் காய்க்கத்தான் செய்கிறது, ஏனென்றால் வெயில் குளிரைப் பொறுத்து இரண்டு நேரமும் கொஞ்சம் கலக்கும். வீட்டில் ஒரு மரத்துக்குத்தான் இடம் என்றால், பக்கத்து வீட்டுக்காரரை வேறு வகை ஒன்று வைக்கச் சொல்லுங்கள். ஒரே மரத்தில் ஒரு கிளைக்கு வேறு வகையை ஒட்டுக் கட்டினாலும் சரி. நாங்கள் ஒரு கொசுத்தேனீப் பானையைத் தாழ்வாரத்தில் கட்டியிருக்கிறோம். ஆயிரம் பூவுக்கு ஒன்றிரண்டு காய் நின்றாலே பெரிது. உதிர்வதைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

காய் மரத்தில் பழுக்காது. முற்றும், அவ்வளவுதான். பறித்த பிறகோ விழுந்த பிறகோதான் மெத்தென்று ஆகும். முற்றியதா என்று தெரிய ஒன்றைப் பறித்து வீட்டில் வையுங்கள். ஒரு வாரம் பத்து நாளில் சுருங்காமல் மெத்தென்று ஆனால் முற்றியது. கொட்டையின் மேல்தோல் வெளுப்பு மாறிக் காய்ந்த பழுப்புத் தாள் போல் இருக்கும். சுருங்கி ரப்பர் மாதிரி ஆனால் இன்னும் மூன்று வாரம் பொறுங்கள். காம்பைக் கொஞ்சம் விட்டுக் கத்தரியுங்கள், பிய்த்தால் காம்படியில் அழுகும்.

2024 ஆடியில் எங்களுக்கு நின்றது பத்தொன்பது காய். அதில் குரங்கு கொண்டுபோனது ஐந்து. முதல் பழத்தை அம்மா கருப்பட்டி போட்டுப் பிசைந்து சாப்பிட்டார். "மலையில தின்னது இன்னுங் கொஞ்சம் கெட்டியா இருந்துச்சு. ஆனா ருசி அதுதான்" என்றார். அடிவார வெயிலுக்கு அந்த அளவு போதும் என்று நினைக்கிறேன்.

ஏக்கர் கணக்கில் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் கொல்லை சொல்கிற பதில்: எங்கள் அடிவாரத்தில் வீட்டுக்கு ஒன்றிரண்டு மரம் தாங்கும், தோட்டம் போட நான் துணியமாட்டேன். மலையில் காப்பி, மிளகோடு ஊடே வைப்பவர்களுக்குக் கணக்கு வேறு. உங்கள் ஊருக்கு என்ன பதில் என்று உங்கள் கொல்லையில் ஒரு மரம் வைத்துக் கேளுங்கள்.

எதிர்வீட்டு அக்காவும் இன்னும் மூன்று பேரும் வெண்ணெய்ப்பழக் கொட்டைகளை வாங்கிப் பையில் முளைக்கப் போட்டிருக்கிறார்கள். கொட்டை இரண்டு மூன்று வாரத்துக்குள் மண்ணுக்குப் போய்விட வேண்டும், காயவிட்டால் முளைக்காது. வேருக்கு அது போதும். தலைக்கு வேண்டிய குச்சி எங்கள் மரத்திலிருந்து. ஆவணிக்குக் கத்தி தீட்டி வைத்திருக்கிறேன்.